அப்பாவின் பட்டாள நம்பர்

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பேருந்து நிலையம் அருகே நின்ற வேன்கள் வெள்ளத்தில் உருண்டு போனதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அதே மழையில் சிங்காரப்பேட்டைப் பக்கம் ஒரு வீட்டில் டிரங்குப் பெட்டி ஒன்றும் நனைந்தது. அதற்குள் இருந்தது, இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூரில் சிறைப்பட்டுத் திரும்பிய சிப்பாய் ஒருவரின் டிஸ்சார்ஜ் புத்தகம். இப்படிக் கரைந்துபோகும் காகிதங்களின் மறுபாதி அரசிடம் எங்கே இருக்கிறது, பிள்ளைகள் கேட்டால் கிடைக்குமா?

பெட்டிக்குச் சொந்தக்காரர் அந்தச் சிப்பாயின் பிள்ளை, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். வெயில் வந்த அன்று பத்திரம், பழைய ரேஷன் அட்டை, மகளின் மதிப்பெண் பட்டியல் என்று எல்லாவற்றையும் கயிற்றுக் கட்டிலில் பரப்பிக் காயவைத்திருக்கிறார். பத்திரம் பிழைத்துக்கொண்டது. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் மசியால் எழுதியதெல்லாம் நீலக் கறையாகிவிட்டது. முதல் பக்கத்தில் ஒரு ரப்பர் முத்திரையும் பட்டாள நம்பரில் பாதியும் மட்டும் தெரிந்தன.

“இத்தனை வருஷம் பெட்டியிலதாங்க இருந்தது. பிரிச்சுப் பார்க்கல. பார்க்கலாம்னு எடுத்தப்போ எழுத்து இல்ல” என்றார்.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் என்றால் இங்கே எழுத வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போரில் இந்திய ராணுவத்தில் சுமார் 25 லட்சம் பேர் பணியாற்றினார்கள். ஏறத்தாழ 80 ஆயிரம் பேர் எதிரியிடம் சிறைப்பட்டார்கள். வட ஆப்பிரிக்காவில் ஜெர்மானியரிடமும் இத்தாலியரிடமும் மாட்டியவர்கள் உண்டு. பெரும்பகுதியினர் மலேயாவிலும் சிங்கப்பூரிலும் ஜப்பானியரிடம் மாட்டியவர்கள். அவர்களின் பிள்ளைகளுக்கு இன்று எழுபது வயது. கேட்டுத் தெரிந்துகொள்ள அப்பா இல்லை, பெரும்பாலும் அம்மாவும் இல்லை.

இரண்டு வகை மௌனம்

பட்டாளத்துக்காரர் வீடு என்று ஊரில் பெயர் இருக்கும். ஆனால் அந்த வீட்டுக்குள் போய்க் கேட்டால் “சிங்கப்பூர்ல ஜப்பான்காரன்கிட்ட மாட்டிக்கிட்டாராம்” என்பதற்கு மேல் ஒரு வரி கிடைக்காது. மீசையும் காக்கி அரைக்கால் சட்டையுமாய் ஒரு போட்டோ இருக்கும். அவ்வளவுதான். அப்பா ஏன் பேசவில்லை? அனுபவித்த கொடுமை ஒரு காரணம். அதைவிடச் சிக்கலான காரணம் ஒன்று உண்டு.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. இரண்டு நாள் கழித்து ஃபாரர் பார்க் மைதானத்தில் சுமார் 40 ஆயிரம் இந்தியச் சிப்பாய்களைத் திரட்டி, பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் அவர்களை ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவிடம் ஒப்படைத்தார். பிறகு கேப்டன் மோகன் சிங் இந்திய தேசிய ராணுவத்துக்கு அழைத்தார். 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் வந்து தலைமை ஏற்றார். சேர்வதா வேண்டாமா என்பது ஒவ்வொரு சிப்பாய்க்கும் முன்னால் நின்ற கேள்வி.

சேர்ந்தவர்களைப் போர் முடிந்ததும் பிரிட்டிஷ் அரசு விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்று நிறமாகப் பிரித்தது. கறுப்பு முத்திரை விழுந்தவருக்கு வேலை போயிற்று. சுதந்திரம் வந்த பின்னும் அவர்களை ராணுவம் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. எடுத்த சத்தியத்தை மீற மாட்டேன் என்று மறுத்தவர்களில் ஆயிரக்கணக்கானோரை ஜப்பானியர் நியூகினி, நியூ பிரிட்டன் போன்ற தீவுகளுக்குக் கூலி வேலைக்குக் கப்பலேற்றினார்கள். பட்டினியிலும் அடியிலும் காய்ச்சலிலும் பலர் அங்கேயே முடிந்தார்கள்.

தப்பித்து ஊர் வந்தவருக்கு 1947-க்குப் பிறகு சொல்லிக்கொள்ள என்ன இருந்தது? நேதாஜி படத்தை டீக்கடையில் மாட்டியிருக்கும் ஊரில், “நான் அந்தப் படையில் சேரவில்லை” என்று ஒருவர் எப்படிச் சொல்வார்? சேர்ந்தவரோ, போலீஸ் வந்து கேட்குமோ, சம்பளப் பாக்கி போய்விடுமோ என்று வாயைக் கட்டிக்கொண்டார். ஆக, சேர்ந்தவரும் பேசவில்லை, சேராதவரும் பேசவில்லை. பிள்ளைகள் இரண்டையும் ஒரே மௌனமாகக் கேட்டு வளர்ந்தார்கள்.

அதனால்தான் இங்கே காகிதம் முக்கியம். நம் அப்பா வீரர் என்று நிரூபிக்கக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நீங்கள் எதிர்பார்க்காத பக்கத்தில்கூட அவர் நின்றிருக்கலாம். அதற்குத் தயாராக இருப்பவர்தான் தேட வேண்டும்.

வீட்டில் இருப்பதை முதலில் படியுங்கள்

தேடல் டெல்லியில் தொடங்குவதில்லை, பரணில் தொடங்குகிறது. மஞ்சள் நிறத்தில் ஆறு முனை நட்சத்திரப் பதக்கம் ஒன்று பல வீடுகளில் கிடக்கும். பித்தளை என்று பாத்திரக் கடையில் போட்டவர்களும் உண்டு. நடுவே கிரீடமும் மன்னரின் எழுத்துக்களும், அவற்றைச் சுற்றி வளையத்தில் பொடி ஆங்கில எழுத்துக்களும் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு அந்த வளையத்தைப் படியுங்கள். ‘பசிபிக் ஸ்டார்’ என்றிருந்தால் மலேயா, சிங்கப்பூர், ஹாங்காங் பக்கம். ‘பர்மா ஸ்டார்’, ‘ஆப்பிரிக்கா ஸ்டார்’, ‘இத்தாலி ஸ்டார்’ என்பவை தம் இடத்தைத் தாமே சொல்லும். பின்புறத்திலோ விளிம்பிலோ நம்பரும் பெயரும் பொறித்திருந்தால் உங்கள் வேலையில் பாதி முடிந்தது.

எல்லாவற்றுக்கும் சாவி அந்தப் பட்டாள நம்பர்தான். பெயரை நம்பிப் போனால் வழி தவறும். ஒரே முனுசாமியை ராணுவ எழுத்தர்கள் ஆங்கிலத்தில் ஐந்து விதமாக எழுதியிருப்பார்கள். இனிஷியல் இருக்காது, தந்தை பெயர் தனிக் கட்டத்தில் இருக்கும். சிங்காரப்பேட்டை ‘சிங்காரப்பேட்’ ஆகியிருக்கும். மாவட்டம் என்ற இடத்தில் கிருஷ்ணகிரியைத் தேடினால் கிடைக்கவே கிடைக்காது. அன்று இது சேலம் ஜில்லா. 1965-இல் தருமபுரி பிரிந்தது, 2004-இல்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. இந்தச் சின்ன விஷயம் தெரியாமல் ‘எங்கள் ஊரே பட்டியலில் இல்லை’ என்று கையை விரித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் நம்பர் கிடைக்கவில்லை என்றால் அடுத்துப் போக வேண்டிய இடம், யாரும் நினைத்துப் பார்க்காத ஒன்று: மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். ஓய்வூதியம் இல்லாத இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்களின் மனைவியருக்கும் தமிழக அரசு மாதாந்திர நிதியுதவி தருகிறது. அப்பாவோ அம்மாவோ அதற்கு மனு போட்டிருந்தால், டிஸ்சார்ஜ் புத்தகத்தின் நகல் அந்தக் கோப்பில் இருக்கும். நம் ஆசிரியருக்கு அப்படித்தான் கிடைத்தது. அவருடைய அம்மா கைநாட்டு வைத்த மனுவில் முழு நம்பர், பச்சை மையில், தெளிவாக.

இறந்தவருக்கு முகவரி உண்டு

போரில் இறந்தவரைத் தேடுவது, திரும்பி வந்தவரைத் தேடுவதைவிடச் சுலபம். கேட்க விசித்திரமாக இருந்தாலும் உண்மை. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இறந்த வீரர்களின் பட்டியலை இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. பல பதிவுகளில் இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்ன ஊர், சேலம் என்று இருக்கும். ஒற்றைப் பெயர் கொண்ட நம் சிப்பாய்களைக் குடும்பப்பெயர் கட்டத்தில் தட்டித் தேட வேண்டும். சிங்கப்பூரின் கிராஞ்சி நினைவுச் சின்னத்தில் 24 ஆயிரத்துக்கு மேற்பட்ட பெயர்களும், ரங்கூன் அருகே தவுக்கியானில் சுமார் 27 ஆயிரம் பெயர்களும் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. அவற்றில் இந்தியப் பெயர்கள் ஏராளம்.

திரும்பி வந்தவருக்கு அப்படி ஒரு கல் இல்லை. சிங்கப்பூர்ச் சிறைவாசம் என்றதும் சாங்கி சிறை பற்றிய புத்தகங்களையும் பட்டியல்களையும் புரட்டுகிறவர்கள் ஏமாறுவார்கள். சாங்கியில் அடைக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய வீரர்கள். இந்தியர்களை நீசூன், பிடாடாரி, செலேத்தர் போன்ற வேறு முகாம்களில் வைத்தார்கள். போர்க் கைதிகள் பற்றிய 1929 ஜெனீவா உடன்படிக்கையில் ஜப்பான் கையெழுத்துப் போட்டதே தவிர ஏற்பளிக்கவில்லை. ஆகவே, செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் கைதிகளின் விவரம் ஒழுங்காகப் போகவில்லை. ஐரோப்பாவில் சிறையிருந்தவரின் பிள்ளைகள் ஜெனீவாவுக்கு எழுதிப் பார்க்கலாம். அவர்களும் ஆண்டில் சில முறை, குறிப்பிட்ட எண்ணிக்கைவரைதான் விண்ணப்பம் வாங்குகிறார்கள்.

நியூகினிக்குக் கொண்டுபோகப்பட்ட சுமார் 3,000 இந்தியக் கைதிகளின் கதை இன்று ஓரளவு தெரிகிறது என்றால், காரணம் சிந்த் சிங் என்ற ஒரு மனிதர். 1945 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் படையினர் மீட்ட சின்னஞ்சிறு கூட்டத்தில் அவர் ஒருவர். அவரோடு பிழைத்த பத்துப் பேர் ஊர் திரும்பும் வழியில் அதே ஆண்டு நவம்பரில் விமான விபத்தில் மாண்டார்கள். போர்க்குற்ற விசாரணையில் சாட்சி சொல்ல இருந்துவிட்டதால் இவர் தப்பினார். அவர் விட்டுப்போன குறிப்புகளை வைத்து, ஆஸ்திரேலியாவில் குடியேறிய மகன் நரீந்தர் சிங் பார்மர் பல ஆண்டு தேடி ஒரு புத்தகமாக்கினார். இந்தியச் சிப்பாய்களின் வாக்குமூலங்கள் அந்த விசாரணைக் கோப்புகளோடு ஆஸ்திரேலிய ஆவணக் காப்பகங்களில் பத்திரமாக இருக்கின்றன. நம் மாவட்டத்துச் சிப்பாய் ஒருவர் பட்ட பாட்டைத் தெரிந்துகொள்ள கான்பெராவில் தேட வேண்டியிருக்கிறது என்பதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

25 ஆண்டு விதி

நம் நாட்டுக் காகிதம் எங்கே? அதிகாரிகளின் பணிப்பதிவுகளில் ஒரு பகுதி லண்டன் பிரிட்டிஷ் நூலகம்வரை போயிற்று. சாதாரணச் சிப்பாயின் கோப்பு அவருடைய ரெஜிமென்ட்டின் பதிவு அலுவலகத்தில் தங்கியது. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். ‘தம்பி’ என்று ராணுவமே செல்லமாக அழைக்கும் மெட்ராஸ் சேப்பர்ஸ் என்றால் பெங்களூர் அல்சூர் ஏரிக்கரை. ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி தாண்டித் தினமும் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறார்கள். அதில் சிலரது தாத்தாவின் பெயர் அந்த ஏரிக்கரைப் பேரேட்டில் இருக்கக்கூடும்.

இங்கேதான் விதி குறுக்கே நிற்கிறது. ராணுவ ஒழுங்குமுறைகளின் 595-ஆவது பத்திப்படி, ஓய்வூதியம் பெறாதவரின் பணி ஆவணங்களை 25 ஆண்டுக்குப் பிறகும், ஓய்வூதியம் பெற்றவருடையதை 50 ஆண்டுக்குப் பிறகும் அழித்துவிடலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1941-இல் சேர்ந்து, சிறையிருந்து, 1946-இல் ஆட்குறைப்பில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட சிப்பாய்க்கு ஓய்வூதியம் கிடையாது. அவர் கோப்பின் ஆயுள் 1971-இலேயே முடிந்துவிட்டது. 1962-இல் சீனாவிடம் சிறைப்பட்ட இந்திய வீரர்கள் ஏறத்தாழ நான்காயிரம் பேர். அவர்களில் ஒருவர் 1972-இல் ஓய்வூதியத்தோடு வந்திருந்தால், அந்தக் கோப்பை அழிக்க 2022-இலிருந்து அனுமதி உண்டு. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதல்ல. அலமாரியில் இடம் வேண்டும், விதி இருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரே ஆறுதல், ‘லாங் ரோல்’ எனப்படும் நீளப் பேரேடு. கோப்பு போனாலும் நம்பர், பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி என்று ஒரு வரி அதில் தங்கியிருக்கும். ஆசிரியருக்கும் அந்த ஒரு வரிதான் வந்தது: மற்ற ஆவணங்கள் விதிப்படி அழிக்கப்பட்டன என்ற குறிப்போடு. சேர்ந்த தேதிக்கும் விலகிய தேதிக்கும் நடுவே ஐந்தாண்டு. அதில் மூன்றரை ஆண்டு சிறை. அந்தக் காலத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

சட்டம் பழைய காகிதத்தை மதிக்காமல் இல்லை. 1993-ஆம் ஆண்டு பொது ஆவணச் சட்டம், 1892-க்கு முந்தைய ஆவணம் எதையும், சிதைந்து பயனற்றுப் போனாலொழிய, அழிக்கக் கூடாது என்கிறது. ஆகவே, 1767-இல் இதே சிங்காரப்பேட்டைக் கணவாய் வழியாக ஹைதர் அலி படை நடத்திய காலத்துக் கடிதங்களுக்குப் பாதுகாப்பு உண்டு. 1942-இல் சிறைப்பட்ட சிங்காரப்பேட்டைக்காரருக்கு இல்லை. 2021 ஜூனில் பாதுகாப்பு அமைச்சகம் போர் வரலாற்று ஆவணங்களை 25 ஆண்டுகளில் திறந்து தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பக் கொள்கை வகுத்தது. நல்ல காரியம். ஆனால், அது போர் நாட்குறிப்புகளையும் நடவடிக்கைப் பதிவேடுகளையும் பற்றியது. சிப்பாயின் தனிக் கோப்பு அதற்குள் வரவில்லை.

புதிய தடை, பழைய கதவு

2025 நவம்பரில் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகள் வெளியானதோடு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவும் மாறியது. தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்ற அளவுக்கு அது இறுகியிருக்கிறது. அப்பாவின் பணிப்பதிவைக் கேட்கும் மகளுக்கு ‘இது தனிநபர் தகவல்’ என்று பதில் வர இனி வாய்ப்பு அதிகம்.

ஆனால், அதே சட்டத்தில் 8(3) என்று ஒரு பிரிவு உண்டு. 20 ஆண்டுக்கு முன் நடந்த விஷயம் பற்றிய தகவலை, மூன்று விதிவிலக்குகள் தவிர, கொடுத்தாக வேண்டும் என்கிறது அது. நாட்டின் பாதுகாப்பு, நாடாளுமன்ற-சட்டமன்ற உரிமை, அமைச்சரவைக் காகிதம் ஆகியவையே அந்த மூன்று. தனிநபர் தகவல் அந்தப் பட்டியலில் இல்லை. எனவே மனு எழுதும்போதே ‘8(3)-இன்படி கோருகிறேன்’ என்று ஒரு வரி சேருங்கள். பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் போதும். ‘என் அப்பாவின் வரலாறு வேண்டும்’ என்று கேட்காதீர்கள். நம்பர், பெயர், தந்தை பெயர், பழைய ஜில்லாவோடு ஊர் எழுதி, லாங் ரோல் பதிவின் நகல், சிறைப்பட்ட காலம், பதக்கங்கள், கோப்பு அழிக்கப்பட்டிருந்தால் அழித்த தேதியும் ஆணையும் என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

செய்யக்கூடியவை

முதலாவது, 1950-க்கு முன் பணியில் சேர்ந்தவர்களின் ஆவணங்களில் இன்னும் எஞ்சியிருப்பதை அழிப்பதைப் பாதுகாப்பு அமைச்சகம் ஓர் உத்தரவால் நிறுத்தலாம். சட்டத் திருத்தத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. 1962 கைதிகளின் கோப்புகளுக்கும் அது பொருந்த வேண்டும். பிறகு ஆற அமர, பொது ஆவணச் சட்டத்தின் 1892 என்ற ஆண்டை 1950 ஆக்கலாம்.

லாங் ரோல்களைப் படமெடுத்து இணையத்தில் ஏற்றுவது பெரிய செலவல்ல. லாகூர் அருங்காட்சியகத்தில் முடங்கிக் கிடந்த முதல் உலகப் போர்ப் பேரேடுகளிலிருந்து 3.2 லட்சம் பஞ்சாப் வீரர்களின் விவரத்தைப் பிரிட்டனில் உள்ள பஞ்சாபி அமைப்பு ஒன்றும் ஒரு பல்கலைக்கழகமும் சேர்ந்து 2021 முதல் ஊர் வாரியாக ஏற்றத் தொடங்கின. ஜலந்தர்க்காரர் தன் ஊர்ப் பெயரைத் தட்டிக் கொள்ளுப்பாட்டனைக் காண்கிறார். நமக்கு அப்படி ஒன்றும் இல்லை. தமிழக அரசு கேட்டால் பெங்களூரும் வெலிங்டனும் மறுக்கக் காரணம் இருக்காது.

தேசிய ஆவணக் காப்பகத்துக்கு 1997-இல் பாதுகாப்பு அமைச்சகம் ஒப்படைத்த இந்திய தேசிய ராணுவக் கோப்புகள் மட்டும் 990. அவற்றிலுள்ள தமிழ்ப் பெயர்களுக்கு ஓர் அகரவரிசை தயாரிக்கும் வேலையை ஏதாவது ஒரு பல்கலைக்கழக வரலாற்றுத் துறை எடுத்துக்கொள்ளலாம். எத்தனையோ முனைவர் பட்டத் தலைப்புகளைவிட உருப்படியாக இருக்கும்.

மாவட்ட அளவில் செய்ய வேண்டியது இன்னும் எளிது, இன்னும் அவசரம். நிதியுதவி பெற்றுவந்த விதவை இறந்ததும் கோப்பு முடிகிறது. முடிந்த கோப்பு கட்டுக்குள் போகிறது, கட்டு ஒருநாள் பழைய பேப்பர் எடைக்குப் போகும். அதற்கு முன் ஒவ்வொரு கோப்பிலும் நான்கைந்து பக்கத்தை வருடி எடுத்துவைக்க ஆட்சியர் உத்தரவிட்டால் போதும். கிருஷ்ணகிரி, ஓசூர் கல்லூரிகளின் தேசிய மாணவர் படைப் பிள்ளைகளை ஒரு வாரம் உட்கார வைத்தால் வேலை முடிந்துவிடும். அதே பிள்ளைகள் ஊத்தங்கரைப் பக்கத்துப் பட்டாளத்துக்காரர் வீடுகளுக்குப் போய்ப் பதக்கங்களையும் டிஸ்சார்ஜ் புத்தகங்களையும் போனில் படமெடுத்து வரலாம்.

வீட்டில் செய்ய வேண்டியது அரைமணி நேர வேலை. அந்தப் பழைய போட்டோவைத் திருப்பி, பென்சிலால் நம்பரை எழுதுங்கள். பேனா வேண்டாம், மசி தண்ணீரில் போய்விடும். ஆசிரியர் இப்போது எழுதிவைத்திருக்கிறார். அம்மாவின் மனுவுடைய நகலில் ஒன்று ஓசூரில் மகன் வீட்டில் இருக்கிறது, ஒன்று திருப்பத்தூரில் மகள் வீட்டில். அழித்த ஆணையின் நகல் கேட்டு இரண்டாவது மனு அனுப்பியிருக்கிறார், பதில் வரவில்லை. டிரங்குப் பெட்டியைக் கட்டிலுக்கடியிலிருந்து எடுத்துப் பரண்மேல் ஏற்றிவிட்டார்.